முதுகு காட்டும் தெய்வங்கள்

மினர்வா நமக்கு முகம் காட்டவில்லை. ஆட்டிடையன் பாரிஸின் கையிலிருந்து அழகுப்போட்டியின் ஆப்பிள் வீனஸின் கைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. தோற்ற இருவரில் ஜூனோ விரலை உயர்த்திப் பாரிஸை எச்சரிக்கிறாள். டிராய் நகரம் பின்னாளில் எரியப்போவது அந்த விரலிலேயே தெரிகிறது. மினர்வாவுக்கு மிரட்டத் தோன்றவில்லை, திரும்பி நிற்கிறாள். கைகளைத் தூக்கித் தலைக்கு மேலாக ஒரு துணியைப் பிடித்திருக்கிறாள். உடுத்துகிறாளா, களைகிறாளா என்று தீர்மானமாகச் சொல்ல முடியாது. கேடயமும் தலைக்கவசமும் தரையில் கிடக்கின்றன. போருக்கும் அறிவுக்கும் உரிய தெய்வம் தன் அடையாளங்களைக் கழற்றி வைத்துவிட்டு, ஓர் ஆட்டிடையனின் தீர்ப்புக்காக நின்று, தோற்று, இப்போது புறப்படத் தயாராகிறது.

ரஃபேல் வரைந்து கொடுத்த அமைப்பைக் கொண்டு மார்க்கன்டோனியோ ரைமொண்டி 1510களில் செப்புத்தகட்டில் செதுக்கிய ‘பாரிஸின் தீர்ப்பு’ இது. உயரம் சுமார் 29 செ.மீ., அகலம் 44 செ.மீ. அதற்குள் ஓர் உலகமே நெரிகிறது. மேலே சூரியனின் தேர், அதைச் சுற்றி ராசிமண்டலப் பட்டை, கழுகோடு ஜூபிடர், கீழே நீர்த்தெய்வங்கள். வீனஸின் தலைக்கு மேல் மாலை ஏந்திய வெற்றித் தேவதை. படத்தின் அடியில் ஒரு லத்தீன் வாசகம் உண்டு. அழகின் முன்னே அறிவும் ஆற்றலும் அரசும் பொன்னும் மங்கிப்போகும் என்பது அதன் கருத்து. வாசகம் அப்படிச் சொல்லட்டும், படம் அதற்கு முழுதாக உடன்படவில்லை என்பதே என் எண்ணம். ஆப்பிளை வாங்கும் வீனஸ் அழகிதான். ஆனால் இந்தத் தாளில் மிக அழகான உடல் வென்றவளுடையதல்ல, தோற்றுத் திரும்பி நிற்பவளின் முதுகு. கழுத்தடியில் தொடங்கும் மெல்லிய நிழல் முதுகெலும்பின் பள்ளத்தில் இறங்கி, இடுப்பில் ஒரு பக்கம் சாய்ந்து, எடை தாங்கும் காலின் மேல் முடிகிறது. ரஃபேலோ மார்க்கன்டோனியோவோ, யாரோ ஒருவர் தீர்ப்பைச் சற்றே மாற்றி எழுதியிருக்கிறார்.

இந்தப் படத்தைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் வலது கீழ்மூலையைத்தான் பார்க்கிறார்கள். அங்கே அமர்ந்திருக்கும் இரண்டு ஆற்றுத் தெய்வங்களும் ஒரு நீர்மங்கையும் 1863இல் பாரிஸ் நகரில் மறுபிறவி எடுத்தார்கள். எடுவார் மனே தன் ‘புல்வெளியில் பகலுணவு’ ஓவியத்துக்கு அந்த மூவரின் இருப்பை அப்படியே எடுத்துக்கொண்டார். கலை வரலாற்று வகுப்புகளில் இது தவறாமல் வரும் செய்தி. அந்த மூலையின் புகழ் மினர்வாவை மறைத்துவிட்டது என்பதுதான் என் குறை.

முதுகைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் உண்டு. 1470 வாக்கில் தொடங்கி 1590கள் வரை, இத்தாலியிலும் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் இருந்த செதுக்குக் கலைஞர்களில் மிகச் சிறந்தவர்கள் கிரேக்க, ரோமானியப் புராணங்களைக் கையில் எடுத்தபோது மறுபடியும் மறுபடியும் தெய்வத்தையோ வீரனையோ திருப்பி நிறுத்தினார்கள். முகத்தில்தான் கதை இருக்கும், உணர்ச்சி இருக்கும். அதை வேண்டுமென்றே கைவிட்டு அகன்ற ஒரு சதைவெளியை நமக்கு முன் வைத்தார்கள். ஏன் என்பதற்கு அவர்கள் செய்த வேலையின் இயல்பிலேயே பாதி விடை இருக்கிறது.

செப்புத்தகட்டுச் செதுக்கலில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. மை இருக்கும் கோடு, மை இல்லாத தாள், இரண்டே இரண்டு. சதுரமான எஃகுக் கம்பி ஒன்றின் நுனியைச் சாய்வாக வெட்டிக் கூர்தீட்டி, காளான் வடிவ மரப்பிடியில் பொருத்தினால் அதுதான் உளி. பிடி உள்ளங்கையில் அமர, உளியை முன்னோக்கித் தள்ள வேண்டும். செம்பு சுருளாகச் சீவி எழும். மெல்லத் தள்ளினால் மயிரிழைப் பள்ளம், அழுத்தினால் ஆழமும் அகலமுமான பள்ளம். வளைகோடு வேண்டுமென்றால் கை வளைவதில்லை. மணல் நிரப்பிய தோல் மெத்தையின்மேல் தகடு கிடக்கும், உளி ஏறத்தாழ நின்ற இடத்தில் நிற்க, இடதுகை தகட்டைத் திருப்பும். பிறகு பள்ளங்களில் மை தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து இரு உருளைகளுக்கிடையே அழுத்தி எடுத்தால் பள்ளத்தின் மை தாளுக்கு ஏறும். விரலால் தடவினால் கோடு சற்றே புடைத்திருப்பது தெரியும். கை தவறினால் அழிப்பது பெரும்பாடு. சுரண்டிவிட்டுத் தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டி மேடாக்கி மறுபடி செதுக்க வேண்டும். இதில் தேறியவர்கள் பலரும் பொற்கொல்லர் பட்டறைகளிலிருந்து வந்ததில் வியப்பில்லை. ஜெர்மன் கலைஞர் டியூரரின் அப்பா பொற்கொல்லர். மார்க்கன்டோனியோ தொழில் கற்றது பொலோன்யாவில் பிரான்செஸ்கோ பிரான்சியா என்ற பொற்கொல்லர்-ஓவியரிடம்.

இந்தக் கருவியை வைத்துக்கொண்டு ஒரு முகத்தைச் செய்வது ஒருவகையில் எளிது. கண், மூக்கு, வாய் ஆகியவற்றுக்கு எல்லைக்கோடுகள் இருக்கின்றன. பார்ப்பவரின் மனமும் முகத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். முதுகில் எல்லைக்கோடுகள் இல்லை. மேடும் பள்ளமும் ஒன்றில் ஒன்று கரைந்துகொண்டே போகின்றன. அங்கே கோட்டின் தடிமன் மட்டுமே பேச வேண்டும். உளியின் கை எவ்வளவு உறுதியானது என்பதை மறைக்க இடமில்லாத இடம் அது.

மீதிப் பாதி விடை, அக்காலத்தில் ஓவியர்களும் சிற்பிகளும் நடத்திய ஓயாத சண்டையில் இருக்கிறது. சிலையைச் சுற்றி வரலாம், ஓவியத்தைச் சுற்றி வர முடியாது. ஆகவே சிற்பமே உயர்ந்தது என்பது சிற்பிகளின் வாதம். இதற்கு ஓவியர் ஜோர்ஜோனே கொடுத்த பதிலை, கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதிவைத்திருக்கிறார். முதுகு காட்டி நிற்கும் ஓர் ஆணை வரைந்து, காலடியில் தெளிந்த நீரில் அவன் முன்புறத்தையும், ஒரு பக்கம் பளபளக்கும் கவசத்தில் ஒரு பக்கவாட்டையும், மறுபக்கம் கண்ணாடியில் இன்னொரு பக்கவாட்டையும் தீட்டி, ஒரே பார்வையில் நான்கு பக்கத்தையும் காட்டினாராம். கெட்டிக்காரத்தனம்தான். செதுக்குக் கலைஞர்கள் அவ்வளவு சிரமப்படவில்லை. ஃபுளோரன்ஸில் அண்டோனியோ பொலாயுவோலோ ‘நிர்வாணர்களின் போர்’ என்று இன்று அழைக்கப்படும் பெரிய அச்சில் பத்து ஆண்களை மோதவிட்டார். நடுவில் சங்கிலியின் இருமுனையைப் பிடித்து நிற்கும் இருவரைக் கூர்ந்து பார்த்தால், ஏறக்குறைய ஒரே நிலையை முன்புறமிருந்தும் பின்புறமிருந்தும் காட்டியிருப்பது புரியும். ஒருவன் இன்னொருவனின் முதுகு. இது எந்தக் கதை என்று இன்றுவரை ஒத்த முடிவு இல்லை. அவருக்கும் கதையைவிட உடம்பே முக்கியம் என்று நினைக்கத் தோன்றுகிறது. தன் பெயரையும் ஊரையும் மட்டும் மரத்தில் தொங்கும் பலகையில் பெரிதாகப் பொறித்துவிட்டார். எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகியிருக்கின்றன. உண்மையில் அப்படி இறுகினால் ஒருவனும் கையை ஓங்க முடியாது. ஆனாலும் அந்தப் பிழையில் ஒரு வெறி இருக்கிறது, அதற்காகவே பார்க்கலாம்.

மாந்துவாவின் அரசவை ஓவியர் அந்திரேயா மந்தேஞ்ஞாவுக்கு வெறி கிடையாது, நஞ்சு உண்டு. இரண்டு தாள்களை ஒட்டினால் நீண்ட சிற்பப்பட்டை ஒன்றாக விரியும் ‘கடல்தெய்வங்களின் போர்’ 1470களின் பிற்பகுதியை ஒட்டியது. 1475இல் ஜான் மார்க்கோ காவல்லி என்ற பொற்கொல்லருடன் தன் வரைவுகளைத் தகட்டில் செதுக்கித் தருவதற்கு அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் ஆவணக் காப்பகத்தில் கிடைத்திருக்கிறது. ஆகவே உளி பிடித்த கை எது என்ற விவாதம் தொடர்கிறது. படத்தின் கற்பனை மந்தேஞ்ஞாவுடையது என்பதில் ஐயமில்லை. இடுப்புக்குக் கீழ் மீனும் பாம்புமாக முடியும் கடல்வாசிகள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள். மீன்களைக் கொத்தாகப் பிடித்து ஓங்குகிறான் ஒருவன். வீர காவியத்துக்குரிய உடம்புகள், மீன்சந்தைக்குரிய ஆயுதம். இடது தாளில் வற்றிச் சுருங்கிய மார்போடு ஒரு கிழவி நிற்கிறாள், அவள் கையிலிருக்கும் பலகை அவள் பொறாமை என்று சொல்கிறது.

சரி, கடலின் அதிபதி நெப்டியூன் எங்கே? இருக்கிறார், சிலையாக. பீடத்தின் மேல் நின்று, சண்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய குடிமக்கள் அவருடைய பெயராலேயே அடித்துக்கொண்டிருக்கலாம். அவர் திரும்பிப் பார்க்கப் போவதில்லை, கல்லாயிற்றே. கலைஞர்களுக்குள் நிலவிய பொறாமையைப் பற்றிய அங்கதம் இது என்று படிப்பவர்கள் உண்டு. அந்த வாசிப்பு சரியென்றால் அங்கதத்தின் கூர்முனை கிழவியல்ல, இந்தச் சிறிய முதுகுதான். முதல் பார்வையில் தப்பிவிடும் அளவுக்குச் சிறிது. முகம் தெரிந்திருந்தால் கோபமா, சலிப்பா என்று கேட்டிருப்போம். முதுகு எந்தப் பதிலும் தராததால் அலட்சியம் முழுமையாகிவிடுகிறது.

இந்த இரண்டு தாள்களில் வலதுபக்கத்தை 1494இல் நியூரம்பர்க்கைச் சேர்ந்த இருபத்து மூன்று வயது இளைஞர் பேனாவால் நகலெடுத்தார். வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த நகல், ஆல்பிரெக்ட் டியூரர் இத்தாலியக் கலையைக் கரைத்துக் குடித்ததற்கான சான்று. எல்லைக்கோடுகள் மந்தேஞ்ஞாவுடையவை, விலகவே இல்லை. நிழலுக்கு வரும்போது இளைஞரின் கை கீழ்ப்படிய மறுத்துவிட்டது. மந்தேஞ்ஞாவின் நிழல்கோடுகள் நேரானவை. உடம்பு எந்தப் பக்கம் வளைந்தாலும் அவை ஒரே சாய்வில் விழுகின்றன. டியூரர் அந்த நேர்கோடுகளை வளைத்துவிட்டார். விலா எலும்பைச் சுற்றி, தோளைச் சுற்றி, மீன்வாலைச் சுற்றி அவருடைய கோடுகள் ஊர்ந்து போகின்றன. மந்தேஞ்ஞாவின் கோடு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறது. டியூரரின் கோடு, தொட்டுப் பார்த்தால் இந்த உடம்பு எப்படியிருக்கும் என்று சொல்கிறது. ஐரோப்பியச் செதுக்குக் கலையின் அடுத்த நூறாண்டுக் கதை இந்தச் சின்ன மீறலில் அடங்கியிருக்கிறது என்று நான் துணிந்து சொல்வேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1498 வாக்கில், டியூரர் தன் சொந்த ஹெர்குலிஸைச் செதுக்கினார். பிற்காலத்தில் ‘பொறாமை’ என்றெல்லாம் இந்தப் படத்துக்குப் பெயர் வைத்தார்கள். நெதர்லாந்துப் பயண நாட்குறிப்பில் அவரே இதை ஹெர்குலிஸ் என்றே குறிப்பிடுகிறார். இடப்புறம் ஓர் ஆட்டுக்கால் மனிதனின் மடியில் ஆடையற்ற பெண் ஒருத்தி சாய்ந்திருக்கிறாள். அவன் கையில் ஒரு விலங்கின் தாடையெலும்பு. நடுவில் ஆடை உடுத்திய இன்னொரு பெண் இரு கைகளாலும் தடியை ஓங்கிக்கொண்டு அவளை அடிக்க வருகிறாள். வலது ஓரத்தில் பறவையைப் பிடித்த குழந்தை பயந்து ஓடுகிறது. இவர்களுக்கு இடையில், நமக்கு மிக அருகில், முதுகைக் காட்டி நிற்கிறான் ஹெர்குலிஸ். தலையில் சேவல் உருவத்தோடு ஒரு விசித்திரமான தலைக்கவசம், கைகளில் வேரோடு பிடுங்கிய மரத்தண்டு. இளம் ஹெர்குலிஸ் இரு வழிகள் பிரியுமிடத்தில் நின்று அறம், இன்பம் என்ற இரு பெண்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்த பழங்கதை இதன் அடியில் இருக்கிறது என்பதே பரவலான விளக்கம். அடிப்பவள் அறம், கிடப்பவள் இன்பம்.

அப்படியானால் இவன் எந்தப் பக்கம்? மரத்தண்டைக் குறுக்காக நீட்டியிருக்கிறான். அறத்தின் அடிக்குத் துணையாக நீட்டுகிறானா, அந்த அடியைத் தடுக்க நீட்டுகிறானா? அறிஞர்கள் இரண்டுக்கும் வாதம் வைத்திருக்கிறார்கள். முன்புறமிருந்து பார்த்திருந்தால் கண்ணில், வாயில், நெஞ்சின் திசையில் ஏதாவது துப்புக் கிடைத்திருக்கும். டியூரர் அதைத் தரவில்லை. தோள்பட்டைகளுக்கிடையே தசை திரண்டிருக்கிறது, கால்கள் அகன்று ஊன்றியிருக்கின்றன. வலிமை அத்தனையும் தெரிகிறது, அது எதற்காக என்பது மட்டும் தெரியவில்லை. இன்னும் முடிவெடுக்காத ஒருவனின் மெய்ப்பாட்டை முகத்தில் காட்டுவதைவிட முதுகில் காட்டுவது எவ்வளவு கடினம் என்று யோசித்தால் இந்தத் தாளின் துணிச்சல் பிடிபடும். இன்னொன்றும் நடக்கிறது. அவன் நமக்கு முதுகைக் காட்டுவதால் நாமும் அவன் பார்க்கும் திசையிலேயே பார்க்கிறோம். ஓங்கிய தடியும் கிடக்கும் பெண்ணும் அவனுக்கு முன்னால் மட்டுமல்ல, நமக்கு முன்னாலும் இருக்கிறார்கள். நாம் தடுப்போமா?

இந்த நேரத்தில் நியூரம்பர்க்குக்கு ஒரு வெனிஸ்காரர் வந்து சேர்ந்தார். யாக்கோப்போ தெ பார்பரி, பேரரசர் மாக்சிமிலியனின் ஊழியத்துக்கு 1500இல் வந்தவர். தன் அச்சுகளில் பெயருக்குப் பதிலாக மெர்க்குரியின் பாம்புக்கோலைப் பொறிப்பவர். அளவு கணக்கிட்டு வரைந்த ஆண், பெண் உருவங்களை டியூரருக்குக் காட்டினார். கணக்கைக் கேட்டால் மட்டும் சொல்லவில்லை. டியூரர் இதைப் பல ஆண்டுகள் கழித்தும் மறக்காமல் எழுதினார். கலைஞராகப் பார்பரியை நான் டியூரருக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன், அவருடைய உருவங்களில் எலும்பு குறைவு. ஆனால் உள்ளங்கை அளவே உள்ள அவருடைய ‘அப்பல்லோவும் டயானாவும்’ அச்சில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதற்கு ஈடாக டியூரரிடமும் எனக்கு ஒன்று கிடைக்கவில்லை. விண்மீன்கள் பதித்த பெரிய வானகோளத்தின்மேல் அப்பல்லோ வில்லை வளைத்து நிற்கிறான், அவன் சூரியன். கோளத்துக்கு அந்தப் பக்கம் டயானா, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டிருக்கிறாள். கோளத்தின் வளைவு அவள் உடலின் கீழ்ப்பாதியை ஏற்கனவே மறைத்துவிட்டது. பகல் வருகிறது, நிலா மறைகிறது. விடியலை ஒரு வரி விளக்கமும் இல்லாமல், ஒரு முதுகின் மேற்பாதியை மட்டும் காட்டிச் சொல்லிவிட்டார். டியூரரும் இதைப் பார்த்துவிட்டுத் தன் அப்பல்லோ-டயானாவைச் செதுக்கினார் என்பது பலரின் கருத்து. அதில் அப்பல்லோவின் தோள்கள் அற்புதம். டயானாவோ மானோடு தரையில் அமர்ந்திருக்கிறாள், விடியல் போய்விட்டது.

டியூரர் வளைத்த கோட்டை இத்தாலிக்குத் திருப்பி எடுத்துச் சென்று அதை ஒரு முறையாக ஒழுங்குபடுத்தியவர்களில் முதன்மையானவர் மார்க்கன்டோனியோ. டியூரரின் அச்சுகளை நகலெடுத்துத்தான் அவர் கை பழகியது. முதலில் குறிப்பிட்ட மினர்வாவின் முதுகில் அந்தப் பயிற்சி தெரியும். ஒரு திசைக் கோடுகள் உடலைச் சுற்றி வளைகின்றன, நிழல் ஆழமாகும் இடத்தில் இன்னொரு திசைக் கோடுகள் குறுக்கே வருகின்றன, ஒளிக்கு அருகில் கோடு உடைந்து புள்ளிகளாகி மறைகிறது. தொடக்கத்தில் எடுத்த சில பிரதிகளில் பின்னணியில் மெல்லிய சாம்பல் படலம் ஒன்று காணும். தகட்டின் மேற்பரப்பை நுரைக்கல்லால் லேசாகச் சொரசொரப்பாக்கி அதை வரவழைத்திருக்கிறார். செம்பு மென்மையானது, சில பிரதிகள் எடுப்பதற்குள் அந்தப் படலம் தேய்ந்துவிடும். ஆகவே ஒரே தகட்டிலிருந்து வந்திருந்தாலும் முன்னால் வந்த பிரதியிலும் பின்னால் வந்த பிரதியிலும் வெளிச்சம் ஒன்றல்ல.

இந்த மரபு முழுவதும் ஒரு முதுகில் போய் உச்சம் தொடுகிறது. டச்சுக் கலைஞர் ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் 1592 வாக்கில் செதுக்கிய ‘ஃபர்னீஸ் ஹெர்குலிஸ்’.

முதலில் அவருடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தைப் பருவத்தில் நெருப்பில் விழுந்து கோல்ட்சியஸின் வலதுகை வெந்துவிட்டது, நரம்புகள் ஒட்டிக்கொண்டு விரல்களை முழுதாக விரிக்க முடியாமல் போயிற்று என்று அவருடைய நண்பர் கரேல் ஃபான் மாண்டர் 1604இல் வெளியிட்ட நூலில் எழுதுகிறார். மடங்கிய அந்தக் கையின் பேனா ஓவியம் ஒன்று 1588ஆம் ஆண்டுக் கையெழுத்தோடு ஹார்லெம் நகரின் டைலர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய கைதான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. உளியைப் பிடிக்க அந்தக் கை குறையாக இல்லை. விரல்கள் செய்ய வேண்டியதைத் தோளும் முழங்கையும் செய்ததால்தான் அவருடைய கோடுகள் அவ்வளவு நீளமாக, தடையின்றி ஓடின என்று விளக்குபவர்கள் உண்டு.

1590இன் இறுதியில் அவர் இத்தாலிக்குப் புறப்பட்டார். அதற்குள் ஐரோப்பா முழுவதும் பெயர் பரவியிருந்தது. தன்னை யாரும் அடையாளம் காணக் கூடாதென்று வேறு பெயரில், சில நேரம் வேலையாள் வேடத்தில் பயணம் செய்தார். தன்னுடைய அச்சுகளை முன்னால் வைத்துக்கொண்டு மற்றவர்கள் பேசுவதை யாரோ ஒருவராக நின்று கேட்பதில் அவருக்கு அலாதி இன்பம். 1591இல் ரோமில் பஞ்சம், தெருவில் பிணங்கள். அந்த நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்து பழஞ்சிலைகளை வரைந்தார் என்கிறார் ஃபான் மாண்டர். அவற்றில் ஒன்று, காரகல்லாவின் குளியல் மண்டப இடிபாடுகளில் 1540களில் கிடைத்து ஃபர்னீஸ் மாளிகையில் நிறுத்தப்பட்ட மாபெரும் ஹெர்குலிஸ். மூன்று மீட்டருக்கும் மேல் உயரம். ஏதென்ஸைச் சேர்ந்த கிளைக்கோன் தன் பெயரைப் பொறித்துவைத்த சிலை.

அந்தச் சிலை சொல்லும் கதை வீரத்தைப் பற்றியதல்ல, களைப்பைப் பற்றியது. இட்ட பணிகள் அத்தனையும் முடித்த ஹெர்குலிஸ் சிங்கத்தோல் போர்த்திய கதாயுதத்தின் மேல் அக்குளைச் சாய்த்துத் தலைகுனிந்து நிற்கிறான். முன்னாலிருந்து பார்ப்பவருக்கு இவ்வளவுதான். இவ்வளவு பெரியவன் ஏன் இப்படி ஓய்ந்து நிற்கிறான் என்று வியந்துகொண்டே சுற்றி வந்தால், முதுகுக்குப் பின்னால் மடக்கிய வலதுகையில் ஹெஸ்பெரிடஸ் தோட்டத்து ஆப்பிள்கள். கடைசிப் பணியின் பலன், மரணமின்மையின் கனி. அதை யாருக்கும் காட்டாமல் பின்னால் வைத்திருக்கிறான்.

கோல்ட்சியஸ் நம்மை நேராகப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். கிளைக்கோன் கடைசியில் அவிழ்ப்பதற்காக வைத்த முடிச்சு கண் எதிரே இருக்கிறது. இது விடுகதையின் விடையை முதலில் சொல்லிவிடுவது அல்லவா, சுவை கெடாதா? கெடவில்லை. காரணம் வலது கீழ்மூலையில் நிற்கும் இரண்டு மனிதர்கள். அக்கால உடையில், மார்பளவே தெரியும்படி, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நிற்பது சிலையின் முன்னால். நமக்குத் தெரியாத முகம் அவர்களுக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியாத கனி நமக்குத் தெரிகிறது. ஹெர்குலிஸின் முகத்தை நாம் அந்த இருவரின் முகத்தில்தான் படிக்க வேண்டும். ஒரு தாளின் ஒற்றைப் பக்கத்தில் சிலையைச் சுற்றி வரும் அனுபவத்தை இதைவிடச் சிக்கனமாகத் தர முடியுமா? நீரும் கவசமும் கண்ணாடியும் இல்லை, இரண்டு தலைகள் போதுமாயிருக்கின்றன. யாரோ ஒருவராக நின்று மற்றவர்கள் பார்ப்பதைப் பார்த்து ரசித்த மனிதரின் வேலை இது என்பதை நினைத்தால் படத்தின் குறும்பு இன்னும் கூடும்.

இனி அந்த முதுகு. தாளின் உயரம் ஏறக்குறைய 42 செ.மீ., அதில் பெரும்பகுதியை இந்த உடலே எடுத்துக்கொள்கிறது. தோளெலும்பின் விளிம்பில் தொடங்கும் ஒரு கோட்டைப் பின்தொடருங்கள். ஒளிபடும் மேட்டில் அது மயிரிழை. மேடு சரியும் இடத்தில் தடிக்கத் தொடங்கி, முதுகெலும்பின் பள்ளத்தில் கருத்துப் பருத்து, மறுபக்க மேட்டில் மறுபடி மெலிந்து, கூர்நுனியாகித் தாளின் வெண்மையில் காணாமல் போகிறது. இதற்கு இணையாக அடுத்தது, அதற்கு அடுத்தது. இந்த அணிவகுப்பை இன்னொரு அணி சாய்வாக வெட்டுகிறது. இடையில் உண்டாகும் சாய்சதுரங்களின் நடுவே, சில இடங்களில், ஒற்றைப் புள்ளி. இரண்டு கொசுவலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது வலையில் இல்லாத அலைகள் ஓடுமே, அந்த அலை இந்தத் தசைகளின் மேல் ஓடுகிறது. கண் அதைக் கோடாகவும் வாங்குகிறது, சதையின் அசைவாகவும் வாங்குகிறது. ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் தன் அச்சுகளை உயர்நுண்மைப் படங்களாக இணையத்தில் வைத்திருக்கிறது. திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் முதுகு மறைந்து வெறும் அலைகள் மிஞ்சும். திரும்பச் சுருக்கும்போது எந்த நொடியில் அலை தோலாகிறது என்று பிடிக்க முயலுங்கள். எனக்கு ஒருமுறையும் பிடிபடவில்லை.

இவரே 1589இல் செதுக்கிய ‘பெரிய ஹெர்குலிஸ்’ வேறு வகை. அதில் தசைகள் கட்டிகட்டியாகப் புடைத்து நிற்கும். அதைக் கிழங்கு மனிதன் என்ற பொருளில் டச்சுக்காரர்கள் கேலிப்பெயரிட்டு அழைத்தார்கள், கேலி நியாயமானதே. ரோமுக்குப் போய்வந்த பிறகு கை அடங்கியிருக்கிறது. புடைப்பு குறையவில்லை, சிலையே அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு மேடும் பக்கத்து மேட்டை மதிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. பொலாயுவோலோவின் ஆட்களிடம் இல்லாதது இதுதான். இங்கே சில தசைகள் வேலை செய்கின்றன, சில ஓய்வெடுக்கின்றன. சாய்ந்த பக்கத்தில் இடுப்பு மடிந்து சதை நெருங்குகிறது, எதிர்ப்பக்கம் நீண்டு தளர்கிறது. களைப்பை முகமின்றிச் செதுக்கியிருக்கிறார். பீடத்தின் மேல் நிற்பது பளிங்கு என்று நமக்குத் தெரியும். ஆனால் பளிங்குக்குக் களைப்பு வராது.

பழஞ்சிலைகளை வரிசையாகச் செதுக்கும் எண்ணம் அவருக்கு இருந்திருக்கிறது. வரைந்துவந்தவை நிறைய, தகட்டில் ஏறியவை மூன்றே. ஃபர்னீஸ் ஹெர்குலிஸ், வாட்டிகனின் அப்பல்லோ, குழந்தை டெலிஃபஸை ஏந்திய இன்னொரு ஹெர்குலிஸ். 1600ஐ ஒட்டி அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுத் தைலவண்ண ஓவியத்துக்குப் போய்விட்டார். ஓவியராக அவர் மோசமில்லை, ஆனால் அந்த மாற்றத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1617ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் இறந்தார். மூன்று தகடுகளும் அந்த ஆண்டில்தான் வெளிவந்தன.

பார்ப்பவர்கள் கவனிக்க இன்னும் ஒன்று உண்டு, அந்தக் கால்கள். சிலை கிடைத்தபோது அதற்கு முழங்காலுக்குக் கீழே கால்கள் இல்லை. குலியெல்மோ தெல்லா போர்த்தா என்ற சிற்பி புதிய கால்களைச் செய்து பொருத்தினார். பிறகு பழைய கால்கள் வேறிடத்தில் கிடைத்தும், புதியவையே நன்றாக இருக்கின்றன என்று விட்டுவிட்டார்கள். மைக்கலாஞ்சலோ அப்படி விடச் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. 1787இல்தான் கிளைக்கோனின் கால்கள் திரும்பச் சேர்ந்தன. சிலை இப்போது நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னால் போய் நின்றால் ஆப்பிள்கள் இருக்கும், முதுகு இருக்கும். கோல்ட்சியஸ் ரோமில் பார்த்து அவ்வளவு சிரத்தையோடு செதுக்கிய கெண்டைக்கால்கள் மட்டும் வேறு. அவை தெல்லா போர்த்தாவினுடையவை. அந்த முதுகின் கீழ் அவை ஒழுங்காகப் பொருந்தி நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் இன்று இந்த அச்சுக்குத்தான் வர வேண்டும்.